டிரம்ஸ் மட்டும் கொண்டு ஒரு காட்சிக்கு இசையமைத்தல்: என் தேர்வு அனுபவம்

திரையிசைப் பட்டயப் படிப்பின் இறுதித் தேர்வில், வசனம் இல்லாத ஆறு நிமிடக் காட்சி ஒன்றுக்கு ஒரே வாத்தியத்தைக் கொண்டு பின்னணி இசை அமைத்து, ஏன் அப்படி அமைத்தோம் என்பதைத் தேர்வாளர்களுக்கு விளக்க வேண்டும். நான் டிரம்ஸை எடுத்து, முதல் முறை தவறி, அடுத்த ஆண்டு தேர்ச்சி பெற்றேன். இதே வாத்தியத்தை எடுக்க நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

காட்சியில் ஒரு முதியவர் மாடிப்படி ஏறி, பூட்டிய அறையின் முன் நின்றுவிட்டுத் திரும்பி இறங்குவார். படிக்கு ஓர் அடி காலால் மிதித்து ஒலிக்கும் பாஸ் டிரமில், கதவருகே சிம்பல் என்ற உலோகத் தட்டில் ஓர் அடி என்று நான் வாசித்திருந்தேன். கண் பார்த்ததையே காதும் கேட்டது. அவர் மனத்தில் நடப்பதைப் பற்றி இசை எதுவும் சொல்லவில்லை. சிறு வயதில் மிருதங்கம் பயின்ற கை என்பதால், எதைத் தொடங்கினாலும் கோர்வை (முத்தாய்ப்பாக வாசிக்கும் தாளக் கோவை) வைத்துச் சமத்தில் (தாளச் சுழற்சியின் முதல் அடியில்) இறங்கவே அது விரும்பியது. அந்தக் காட்சியில் அப்படி இறங்க இடமே இல்லை.

இரண்டாம் முறைக்கு நான் பாடமாகக் கொண்டது, மெக்சிகோவில் பிறந்த ஜாஸ் டிரம்மர் அந்தோனியோ சான்செஸ் 2014இல் வெளிவந்த ‘பேர்ட்மேன்’ படத்துக்கு அமைத்த இசை. படம் ஒரே ஷாட்டில் எடுத்ததுபோல் ஓடுவதால், படத்தொகுப்பு வழக்கமாகத் தரும் வேகத்தை அங்கே டிரம்ஸ்தான் தர வேண்டியிருந்தது. பாத்திரத்துக்கு ஒரு தாளம் என்று சான்செஸ் முதலில் அமைத்துக் காட்டியதை இயக்குநர் இன்யாரிட்டு ஏற்காமல், அந்தக் கணத்தில் தோன்றுவதையே வாசிக்கச் சொன்னார். படப்பிடிப்புக்கு முன்பே நியூயார்க் ஒலிப்பதிவுக் கூடத்தில் எதிரே அமர்ந்து காட்சியை மனத்தில் ஓட்டிய இயக்குநர், பாத்திரம் கதவைத் திறக்கும் இடத்திலும் நடைக்கூடத்தில் திரும்பும் இடத்திலும் கையை உயர்த்த, அதற்கேற்ப சான்செஸ் வாசிப்பின் போக்கை மாற்றிக்கொண்டே சென்றார். பின்னர் படத்தைப் பார்த்தபடி மீண்டும் பதிவு செய்தபோது, நெடுநாள் கிடப்பில் கிடந்த வாத்தியம்போல் ஒலிக்க வேண்டும் என்பதற்காகத் தோல்களின் சுருதியைக் குலைத்து, அவற்றின் மேல் டேப் ஒட்டி வாசித்தார்.

அந்தக் கை உயர்த்தும் முறையை நீங்களும் செய்து பாருங்கள். திரை எனக்குத் தெரியாதபடி அமர்ந்து, முதியவரின் மனம் மாறுவதாகத் தோன்றும் இடத்தில் மட்டும் கையை உயர்த்துமாறு ஒரு நண்பரிடம் சொன்னேன். முந்தைய ஆண்டு நான் நாற்பது இடங்களைக் குறித்திருந்தேன்; அவர் கை நான்கு முறைதான் உயர்ந்தது. வேகத்தைச் சீராக வைக்கக் காதில் ஒலிக்கும் கிளிக் இல்லாமல், குச்சிக்குப் பதில் மெல்லிய கம்பிகளாலான பிரஷ் கொண்டு வாசித்தேன். கதவின் முன் முதியவர் நிற்கும் நேரம் முழுவதும் கைகளை நிறுத்திவிட்டு, பாஸ் டிரமை மெல்ல மிதித்து, அந்த அதிர்வில் ஸ்னேர் டிரமின் அடித்தோலை ஒட்டிய கம்பிகள் தாமாக முனகும் ஒலியை மட்டும் விட்டுவைத்தேன். தோலைத் தளர்த்தாமல் இந்த ஒலி எனக்குக் கிடைக்கவில்லை. ஆகவே சுருதி சேர்க்க ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு முன்னோடிகளையும் அறிந்திருக்க வேண்டும். சிகோ ஹாமில்டன் என்ற ஜாஸ் டிரம்மர் 1965இலேயே ரோமன் போலான்ஸ்கியின் ‘ரிபல்ஷன்’ படத்துக்கு இசையமைத்திருக்கிறார். சான்செஸின் இசை கிராமி விருது பெற்றது; ஆனால் படத்தில் ஏற்கெனவே இருந்த செவ்வியல் இசைத் துண்டுகள் அதிகம் என்பதால் ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி மறுக்கப்பட்டது. அது எனக்கு இன்றும் வருத்தம் தரும் முடிவு. அந்த டிரம்ஸை எடுத்துவிட்டால் படமே வேறாகிவிடும் என்று தேர்விலும் வாதிட்டேன்.

தேர்வாளர்கள் அதிக நேரம் விசாரித்தது, எந்த அடியை ஏன் நீக்கினேன் என்பதைத்தான். ஆகவே கைவிட்ட பதிவுகளையும் நேரக் குறிப்புடன் சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.