மத்த இடத்துல சம்பளம் எவ்வளவு ஏத்துறாங்க தம்பி?

ஒவ்வொரு பங்குனியும் எங்க முதலாளி ஆச்சி என்னைய கூப்பிட்டு கேக்குற கேள்வி இதுதான். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடு ஒண்ண ஹோட்டலா மாத்தி நடத்துறாங்க, நான் அங்க சம்பளம், லீவு, பிஎஃப், இஎஸ்ஐங்கிற மருத்துவக் காப்பீடு எல்லாம் பாக்குறேன், ஆளுங்க 50 பேருக்கு முன்னபின்ன இருப்பாங்க. மொத ரெண்டு வருஷம் இதுக்கு சுலபமா பதில் சொல்லிட்டேன். தெரிஞ்ச நாலு மேனேஜருக்கு போன் போட்டு, அவங்க சொன்ன சதவீதத்த கூட்டி வகுத்து ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன், 8 சதவீதம்னு வந்துச்சு, 8 கொடுத்தாங்க. ஆளுங்க போறது மட்டும் நிக்கல.

மூணாவது வருஷம்தான் அந்தத் தாள நானே ஒழுங்கா படிச்சுப் பாத்தேன். ஒருத்தர் சொன்ன சம்பளத்துல ரெண்டு வேளை சாப்பாடும் தங்குற ரூமும் சேத்தி, இன்னொருத்தர் சொன்னதுல டிப்ஸும் அடக்கம், எங்களது வெறும் சம்பளம். இத மூணையும் ஒரே வரிசைல வச்சுத்தான் சராசரி எடுத்திருக்கேன். அதோட ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும் விலைவாசிப் புள்ளிய பாத்து அரசாங்கம் குறைந்தபட்ச சம்பளத்துல பஞ்சப்படிய கூட்டும், அது சட்டப்படி கொடுத்தே ஆகணும், அதையும் சில பேரு "நாங்க ஏத்தினோம்"னு கணக்குல சொல்றாங்க, நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அது வேற, முதலாளி தானா கொடுக்குறது வேற. அப்புறம் இந்த சதவீதமே ஒரு பெரிய அநியாயம்ங்க. 8 சதவீதம்னா 13,000 வாங்குற அக்காவுக்கு 1,040 ரூபா, 40,000 வாங்குறவருக்கு 3,200. காரைக்குடி சந்தைல காய் விலை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே ஏறுது? அந்த வருஷத்துல இருந்து கீழ் வரிசைக்கு எல்லாருக்கும் ஒரே தொகை, மேல உள்ளவங்களுக்கு மட்டும் சதவீதம்னு மாத்தச் சொல்லி ஆச்சிகிட்ட சண்டை மாதிரியே பேசி வாங்கினேன்.

ஆளு போற கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், வருஷத்துல வேலைய விட்டுப் போனவங்க எண்ணிக்கைய சராசரி ஆள் எண்ணிக்கையால வகுத்து நூறால பெருக்கணும். எங்களுக்கு 14 பேர், 50-ல 14, 28 சதவீதம். இத சொன்னதும் ஆச்சி, "மத்தவுகளுக்கு எவ்வளவு?"ன்னு கேக்கல, வேற ஒண்ணு கேட்டாக. "மூணு வருஷம் நிலைச்சு நின்னவுக எத்தனை பேரு தம்பி?" அவுக ஐயா காலத்துல பர்மாவுக்கு வட்டிக்கடை ஏஜெண்டா போறவங்களுக்கு மூணு வருஷம் ஒரு கணக்கு, சம்பளச் சீட்டு எழுதி, கிளம்பும்போதே ஒரு பகுதிய வீட்டுக்கு முன்பணமா கொடுத்துட்டுத்தான் கப்பலேத்துவாங்களாம். எடுபிடி வேலைக்கு பெட்டியடிப் பையனா போயி, உதவிக்கு அடுத்தாளாகி, கடைய பாத்துக்கிற மேலாளாகுற வழி அதுல இருந்துச்சு, அதான் மூணு மூணு வருஷமா எண்ணுற பழக்கம். நானும் அதே மாதிரி எண்ணிப் பாத்தேன். போன 14 பேர்ல 9 பேரு சேந்து மூணு மாசம்கூட ஆகாதவங்க. ஒரு வருஷம் தாண்டினவங்க பெரும்பாலும் போகாம இங்கயேதான் இருக்காங்க. 28 சதவீதம்ங்கிற ஒத்த நம்பர்ல இது தெரியவே தெரியாது.

அந்த 9 பேருக்கும் போன் பண்ணினேன், எடுத்தது 6 பேரு. ஒருத்தர்கூட நான் ஒப்பிட்ட ஹோட்டலுக்குப் போகல. ரெண்டு பொண்ணுங்க காரைக்குடி ஜவுளிக்கடைக்கு, ஒரு பையன் திருப்பூருக்கு, ஒருத்தன் சிங்கப்பூருக்கு பேப்பர் போட்டுட்டு வீட்ல இருக்கான், மத்த ரெண்டு பேரும் சும்மா வேலைய விட்டுட்டாங்க. அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்திகிட்ட, ஜவுளிக்கடைல சம்பளம் கூடவான்னு கேட்டா, "இல்லண்ணே, கொஞ்சம் கம்மிதான், ஆனா கடை பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, ராத்திரி புதுவயலுக்கு பஸ் கிடைக்கும், உங்க இடத்துல கெஸ்ட் சாப்பிட்டு முடிக்க பத்தரை ஆயிடும், அப்பா வண்டி எடுத்துட்டு வந்து நிக்கணும்"னு சொல்லுச்சு. நான் சென்னை மதுரைன்னு எங்கெங்கயோ கேட்டு சதவீதம் சேத்துக்கிட்டு இருந்தேன், அந்தப் பொண்ணு கடைசி பஸ்ஸத்தான் பாத்திருக்கு. நம்ம ஆளு விட்டுட்டுப் போற இடம் எதுவோ அதுதான் நமக்கு ஒப்பீடு, நம்மள மாதிரி பலகை மாட்டியிருக்குற இடம் இல்ல.

உடம்பு சரியில்லைன்னு போடுற லீவுதான் என்னைய ரொம்ப யோசிக்க வச்சது. ஒரு கன்சல்டன்ட் வந்து பிராட்ஃபோர்டு ஃபேக்டர்னு ஒண்ணு போடச் சொன்னாரு, இங்கிலாந்துல இருந்து வந்த கணக்கு, எத்தனை தடவை லீவு எடுத்தாங்களோ அத வர்க்கம் பண்ணி மொத்த நாளால பெருக்கணும். ஒரே தடவையா 10 நாள் படுத்தா 1 பெருக்கல் 1 பெருக்கல் 10, அதாவது 10 தான். ஒவ்வொரு நாளா 10 தடவை எடுத்தா 10 பெருக்கல் 10 பெருக்கல் 10, ஆயிரம். போட்டுப் பாத்தேன், மொத இடத்துல வந்தது ஹவுஸ்கீப்பிங்ல ஏழு வருஷமா இருக்குற ஒரு அக்கா. அவங்கள கூப்பிட்டு எழுதி வாங்கணும்னு அவர் சொன்னாரு. எனக்கு மனசு வரல, ஏன்னா அந்த அக்கா பொய் சொல்ற ஆளே இல்ல.

போயி கேட்டேன். "முட்டி தம்பி, மண்டியிட்டா மறுநா எந்திரிக்க முடியல." எங்க ஹோட்டல் வீட்டு முன்பக்கம் ஹாலு, வளவுங்கிற முற்றம் எல்லாம் ஆத்தங்குடிக் கல்லு. சூளைல சுடாத கல்லு அது, கண்ணாடி மேல கலர் சிமெண்ட் ஊத்தி, பின்னாடி மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணில ஊறவச்சு எடுக்குறது, துடைக்கத் துடைக்கத்தான் பளபளப்பு ஏறும். அந்தப் பளபளப்புக்காக தினம் மண்டியிட்டு கையால துடைக்கிறாங்க. ரிஜிஸ்டர எடுத்து லீவு போட்டவங்கள பேர விட்டுட்டு வேலை பாக்குற இடத்த வச்சு பிரிச்சேன், சிக் லீவுல பாதிக்கு மேல அந்த முன்கட்டு ஆளுங்க. நீளக் கம்பி வச்ச மாப்பு வாங்கி, முன்கட்ட எல்லாரும் வாரம் மாத்தி மாத்தி பாக்குற மாதிரி வச்சோம். குறைஞ்சுச்சு. மிச்சம் இருந்ததுல தைமாசம் குன்றக்குடில இருந்து பழனிக்கு பாதயாத்திரை போறவங்களும், மாசி பங்குனில முத்துமாரியம்மனுக்கு பால்குடம் எடுக்குறவங்களும் நிறைய, கேஷுவல் லீவு தீந்து போனதால எல்லாரும் காய்ச்சல்னு எழுதிக் கொடுத்திருந்தாங்க. நேரா கேட்டா கிடைக்காதுன்னு அவங்க நினைச்சா தப்பு எங்க மேலதான். இப்ப அந்த நாளெல்லாம் முன்னாடியே குறிச்சு வச்சுக்கிறோம்.

இன்னொண்ணும் சொல்லணும், இது சம்பளம் பாக்குற எல்லாரும் கவனிக்க வேண்டியது. எங்க சமையல் மாஸ்டர் 20,500 வாங்கிக்கிட்டு இருந்தாரு, 8 சதவீதம் ஏத்தினா 22,140. 2017-ல இருந்து இஎஸ்ஐக்கு சம்பள வரம்பு 21,000 தான். ஏப்ரல் 1-லயே ஏத்தியிருந்தா அவரு இஎஸ்ஐய விட்டு வெளிய போயிருப்பாரு, அவர் வீட்டம்மாவுக்கு சர்க்கரை வைத்தியம் முழுக்க இஎஸ்ஐல ஓடிக்கிட்டு இருந்துச்சு. மாசம் 1,640 ரூபா கொடுத்து அத விடப் பெருசா ஒண்ண பிடுங்கப் பாத்தோம். ஒரு சந்தா காலம் ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும், அது தொடங்குனதுக்கு அப்புறம் வரம்பு தாண்டினா அந்தக் காலம் முடியுற வரைக்கும் உள்ளேயே இருப்பாங்க, அந்த சந்தாவுக்கான பலன் அடுத்த வருஷம் ஜனவரில இருந்து ஜூன் வரைக்கும் வரும். அதனால அவர்கிட்டயே எல்லாத்தையும் சொல்லி, அவர் சம்மதத்தோட ஏப்ரல்ல ஏத்தாம மே மாசம் ஏத்தினோம், ஒரு மாச நஷ்டத்த போனஸோட சேத்துக் கொடுக்க ஆச்சி ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பலன் முடியுற ஜூனுக்குள்ள அவர் குடும்பத்துக்கு ஒரு மெடிக்கல் பாலிசி எடுக்கணும்னு இப்ப அலைஞ்சுக்கிட்டு இருக்கேன், ஏற்கனவே இருக்குற சர்க்கரைக்கு காத்திருப்பு காலம் போடாத பாலிசியா தேடுறேன்.

ராத்திரி ஷிப்டு பொண்ணுங்களுக்கு ஒரு வேன் வாடகைக்கு பேசியிருக்கோம், புதுவயல், பள்ளத்தூர் வழியா. இந்தப் பங்குனிக்கு தாள்ல சதவீதத்துக்கு மேல அந்த வேன் வாடகைய எழுதினேன். ஆச்சி கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாக, "அந்த ஜவுளிக்கடைப் பிள்ளை திரும்ப வருமான்னு கேளு தம்பி"ன்னாக. கேட்டிருக்கேன். வீட்ல கேட்டு சொல்றேன்னு சொல்லியிருக்கு.