கைடோகுடோ நூல்களைச் செப்பனிட நிதி வாங்கிய அனுபவம்

ஜப்பானில் ஆராய்ச்சிக்குக்கூட எப்படியாவது பணம் புரட்டிவிடலாம். பழைய நூலைச் செப்பனிடப் பணம் வாங்குவதுதான் பெரும்பாடு. நான் ஆய்வாளராக இருந்த, ஒசாகா நகரிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில், கைடோகுடோ மரபைச் சேர்ந்த சில அச்சு நூல்களும் கையெழுத்துப் பாடக் குறிப்புகளும் பூச்சி அரித்துக் கிடந்தன. அவற்றுக்கு நிதி தேடும் வேலை, நூலகர் அம்மா ஒருவரோடு சேர்த்து என்னிடம் வந்தது.

கைடோகுடோ என்பது 1724இல் ஒசாகா வணிகர்கள் ஐந்து பேர் முன்னின்று தொடங்கிய கல்விக்கூடம். கன்பூசியப் பாடம்தான் அடிப்படை, ஆனால் கேட்க வந்தவர்களில் பலர் கடைக்காரர்கள். புத்தகம் இல்லாதவரும் பாடம் கேட்கலாம், தவிர்க்க முடியாத வேலை வந்தால் பாதியில் எழுந்து போகலாம் என்று விதியே எழுதிவைத்தார்கள். எனக்கு அந்த விதியின் மேல் தனிப் பிரியம். அங்கே படித்த தொமினாகா நகமோதோ (1715–1746) சோயா சாஸ் வணிகர் வீட்டுப் பிள்ளை. பௌத்த சூத்திரங்கள் எல்லாமே புத்தர் வாயால் சொன்னவை அல்ல, பின்னால் வந்தவர்கள் முன்னவர்களை மிஞ்சுவதற்காக அடுக்கடுக்காகச் சேர்த்தவை என்று 1745இலேயே அச்சிட்டவர். இப்படிப்பட்ட சிந்தனை பூச்சிக்கு இரையாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

முதலில் அரசின் ஆய்வு மானியமான காக்கென்ஹியைப் பார்த்தோம். அது ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு விடை தேடுபவர்களுக்கானது. தாளை ஒட்டுவது அதன் நோக்கத்தில் வராது. அடுத்து தனியார் அறக்கட்டளைகள். நாங்கள் முதலில் அணுகிய இடத்தில் ஓவியம், சிற்பம் போன்றவற்றுக்கே முன்னுரிமை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அப்புறம்தான் செப்பனிடும் நிபுணரை அழைத்துச் சேத ஆய்வு செய்தோம். பணம் கேட்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும் என்று யாருக்கும் சொல்வேன். ஜப்பானின் பழைய நூல்களில் ஒவ்வொரு தாளும் நடுவில் மடித்து, திறந்த ஓரத்தில் நூலால் தைக்கப்பட்டிருக்கும். அவர் ஒரு நூலை எடுத்து, பக்கங்களை மூங்கில் குச்சியால் மெல்லப் பிரித்துக் காட்டினார். முதல் தாளில் கடுகளவு ஓட்டை. அதே ஓட்டை அடுத்தடுத்த தாள்களில் வளைந்து நெளிந்து போய், நடுவில் எழுத்தையே தின்றிருந்தது. தையலை அவிழ்த்து, மடிப்பை விரித்து, அசல் தாளின் கனத்துக்கும் நிறத்துக்கும் ஒத்த கோசோ (காகித மல்பெரி மரப்பட்டை) நார்த் தாளை வைத்து, தண்ணீர்ப் பதமான மாவுப் பசையால் ஒட்ட வேண்டும். பின்னால் வருபவர் வேண்டுமென்றால் தண்ணீர் தொட்டு எடுத்துவிடலாம் என்பதால்தான் இந்தப் பசை. தாள்தாளாக எண்ணி மதிப்பீடு கொடுத்தார். எது இந்த வருடமே செய்ய வேண்டியது, எது காத்திருக்கும் என்றும் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பட்டியல்தான் எங்கள் விண்ணப்பத்தின் முதுகெலும்பு.

அதன்பிறகு செலவை இரண்டாகப் பிரித்தோம். செப்பனிடுவதும் படமெடுப்பதும் ஓர் அறக்கட்டளைக்கு; குறிப்புகளைப் படித்து எழுத்துப்பெயர்ப்பதும் ஆராய்வதும் காக்கென்ஹிக்கு. எதற்கு இந்த நூல்கள் என்ற பகுதியில் வரலாற்றையே வைத்தோம். 1869இல் மூடப்பட்ட கைடோகுடோவுக்கு 1910இல் ஒசாகாக்காரர்கள் நினைவுக் கழகம் அமைத்தார்கள், 1916இல் புதுக் கட்டடமும் எழுந்தது. 1945 விமானத் தாக்குதலில் அது எரிந்தும் கான்கிரீட் புத்தக அறை தப்பியது. அதிலிருந்த சுமார் 36,000 நூல்கள் 1949இல் ஒசாகா பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஒவ்வொரு முறையும் ஊர்க்காரர்கள் கையிலிருந்து பணம் வந்திருக்கிறது, இப்போது எங்களிடம் இருக்கும் இந்தச் சிறு பகுதிக்கும் வர வேண்டும் என்று எழுதினோம். தேர்வுக் குழுவில் ஒருவர் நேர்காணலில் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். மடித்த தாளின் உட்புறத்தில் குறிப்பு இருந்தால் படமெடுப்பீர்களா என்றும் கேட்டார். தையல் அவிழ்ந்திருக்கும்போதே எடுத்துவிடுவோம் என்றோம்.

கேட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. முன்னுரிமைப் பட்டியல் இருந்ததால் எதை விடுவது என்று குழம்பவில்லை. பணம் வந்தபிறகு கணக்கு வேலை வேறு: நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது, ஆனால் மழைக்காலத்து ஈரத்தில் பசை காய நேரமெடுக்கும். அதனால் நிபுணரிடம் நாள் கேட்டபிறகே ஒப்பந்தம் போட்டோம். அச்சு நூல்கள் முடிந்துவிட்டன. கையெழுத்துக் குறிப்புகளுக்கு அடுத்த சுற்றில் விண்ணப்பிக்கிறோம், புதிய மதிப்பீடு கேட்டாயிற்று.