நின்றே கெட்ட எஞ்சின்

ஓடித் தேய்ந்த எஞ்சினைப் பழுது பார்ப்பது சுலபம். எது எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று கைக்கே தெரியும். பல வருடம் சைடிங்கில், அதாவது ஒதுக்குத் தண்டவாளத்தில், சும்மா நின்றதுதான் ஆளைப் படுத்தும். மீட்டர் கேஜ் டீசல் ரயில் எஞ்சினான ஒய்டிஎம்-4 ஒன்றை மறுபடி ஓடவைக்கும் வேலை எங்கள் குழுவிடம் வந்தபோது இதை நன்றாகவே அனுபவித்தேன்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனியிலிருந்து வந்த ரகம் இது. பிறகு வாரணாசியிலும் கட்டினார்கள். 72 டன் எடை, ஒரே வரிசையில் 6 சிலிண்டர். ஆல்கோ 1969-லேயே ரயில் எஞ்சின் கட்டுவதை நிறுத்திவிட்டது. அப்புறம் பாகங்களுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்பார்கள். அகலப்பாதை ரயில் எஞ்சினான டபிள்யூடிஎம்-2-இல் இருப்பதும் இதே ஆல்கோ 251 டீசல் குடும்பம்தான், சிலிண்டர் மட்டும் 16. அதனால் பிஸ்டனுக்கும், அது ஓடும் உள்குழாயான லைனருக்கும் அலையவில்லை. ரப்பருக்குத்தான் அலைந்தோம். ஹோஸ், சீல், ஓ-ரிங் எல்லாம் தொட்டால் அப்பளமாய் நொறுங்கின. கேபிள் போகும் வழியில் எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன.

எல்லோருக்கும் உடனே ஸ்டார்ட் செய்து பார்க்க ஆசை. பெயின்ட் என்ன நிறம் என்ற பேச்சுகூட வந்துவிட்டது! ஆனால் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அது நசுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். அதனால் முதலில் எஞ்சினைக் குளிரவைக்கும் பாதையில் தண்ணீரை நிரப்பி, அடிப்பெட்டியான கிராங்க்கேஸின் கதவுகளைத் திறந்து, லைனர் அடியில் சொட்டு விழுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். விழுந்தது. லைனரை வெளியே எடுத்து, சீல் மாற்றி, மறுபடி நிரப்பிக் காத்திருந்தோம். பிறகு தனி பம்ப் வைத்து லூப் ஆயிலை, அதாவது மசகு எண்ணெயை, சுற்றவிட்டு, ஒவ்வொரு பேரிங்கிலும் ஆயில் வழிகிறதா என்று பார்த்தோம். சிலிண்டருக்குள் அழுத்தம் சேராமலிருக்க டிகம்ப்ரஷன் பிளக்குகளைக் கழற்றி, இரும்புக் கம்பி போட்டு, கையாலேயே கிராங்கைச் சுற்றினோம். சலிப்பான வேலைதான். எனக்கு இதுதான் பிடிக்கும்.

கரண்ட் பக்கம் இன்னும் பொறுமை வேண்டியிருந்தது. இந்த எஞ்சினுக்குத் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. பேட்டரி கரண்டை மெயின் ஜெனரேட்டருக்கே கொடுத்தால், அது மோட்டாராகச் சுழன்று எஞ்சினைத் தள்ளும். ஜெனரேட்டர் ஈரம் குடித்திருந்தால் அந்தப் பேச்சே இல்லை. இன்சுலேஷனை அளக்கும் மெகர் மீட்டரின் முள் மேலே ஏறவே மறுத்தது. சூடான காற்று அடித்துக் காயவைத்து, மறுபடி அளந்து, மறுபடி காயவைத்து... சக்கரங்களைச் சுழற்றும் ஆறு டிராக்‌ஷன் மோட்டாருக்கும் இதே கதை.

ஸ்டார்ட் ஆனதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரும்புகை வந்தது, ஆல்கோ என்றால் வரத்தான் செய்யும். ஐட்லிங்கில் வேகம் ஏறி ஏறி இறங்கியது, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைச் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால், ஒரு ஃப்யூயல் பம்ப்பில் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் இறுகிக் கிடந்தது. அதைச் சரிசெய்த பிறகு ஜெனரேட்டர் கரண்டைச் செலவழித்துச் சோதிக்கும் லோடு பாக்ஸில் கட்டி, த்ராட்டிலை ஒவ்வொரு நாட்ச்சாக (படியாக) எட்டு வரை ஏற்றினோம்.

வாரம் ஒருமுறை கொஞ்ச நேரம் ஐட்லிங்கில் விட்டால் போதும் என்று சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. லோடு இல்லாமல் உறுமிக்கொண்டே நின்றால் எஞ்சின் சூடாகாது, எரியாத டீசல் லூப் ஆயிலில் கலக்கும். கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு, யார்டில் சில பெட்டிகளை இழுக்கவைப்பது என்று முடிவானது. பெயின்ட் அதற்கப்புறம்தான் அடித்தார்கள்.