ஆடியில் தொடங்கிய புரோட்டீன் கணக்கு

ஜூலை 19, 2025, சனி

திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் சுவாமிமலை வந்து சேர்ந்தோம். என் எடை 118 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 47. ஒன்பது வருடமாகச் சர்க்கரை, இரண்டு வருடமாக இன்சுலின். ஆகஸ்ட் 8 அன்று எடை குறைய ஸ்லீவ் ஆபரேஷன். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் போல ஒரு குழாயாக விட்டுவிடுவார்கள்.

அதற்கு முன்னால் 14 நாள் சோறு கிடையாது, புரோட்டீன் பானம்தான் என்றார் டாக்டர். எடையைக் குறைக்கவா என்று கேட்டேன். "எடையும் குறையும். ஆனா எனக்கு முக்கியம் உங்க கல்லீரல்மா" என்றவர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலின் இடது பக்கம் இரைப்பைக்கு மேலே மூடி போலக் கிடக்கிறது. கொழுப்பேறி வீங்கியிருந்தால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயிற்றில் போடும் சிறு துளை வழியாக வேலை செய்வது சிரமம், ரத்தமும் கசியும். மாவுச்சத்தையும் கொழுப்பையும் நிறுத்தினால் இரண்டே வாரத்தில் சுருங்கிவிடுமாம். புரதத்தையும் நிறுத்தினால் உடம்பு தசையைத் தின்ன ஆரம்பித்துவிடும். அதற்குத்தான் பவுடர்.

ஜூலை 25, வெள்ளி

முதல் நாள். ஆடி வெள்ளி என்பதால் தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். கும்பிட்டுவிட்டு விபூதியோடு வந்துவிட்டேன்.

பவுடர் விஷயத்தை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும். போன வாரம் மருந்துக் கடையில் "எடை குறைக்கணும், புரோட்டீன் வேணும்" என்றதும் ஒரு டப்பாவை எடுத்துக் கொடுத்தார்கள். வீடியோ காலில் டயட்டீஷியன் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னார். 100 கிராமில் புரதம் 10 கிராம்கூட இல்லை, சர்க்கரை 30 கிராமுக்கு மேல். முன்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் பின்பக்கக் கட்டத்தைப் படியுங்கள். இப்போது வாங்கியிருப்பது வே ஐசோலேட், பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம். 30 கிராம் ஸ்கூப்புக்கு 25 கிராம் புரதம், சர்க்கரை ஒரு கிராமுக்குள். எனக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும். ஐசோலேட்டில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு என்பதால் இதுவரை தொந்தரவு இல்லை.

காலை, மதியம், இரவு ஒவ்வொரு ஸ்கூப். நடுவில் வடிகட்டிய காய்கறி சூப், நீர்மோர். அவ்வளவுதான்.

ஜூலை 28, திங்கள்

விடியற்காலை உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கியது. குத்திப் பார்த்தால் சர்க்கரை 68. குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இவர்தான் உட்கார வைத்தார். சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பழைய அளவிலேயே இன்சுலின் போட்டால் இப்படித்தான் ஆகும். தினமும் அளவைப் போனில் சொல்லச் சொல்லியிருந்தார்கள், நான் இரண்டு நாள் சொல்லவில்லை. இன்று டாக்டர் இன்சுலினைப் பாதிக்கும் கீழே குறைத்துவிட்டார். சர்க்கரைக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பவுடர் டயட்டைத் தொடவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்ததிலிருந்து ஆற்றில் நல்ல தண்ணீர். படித்துறையில் காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டோம். அப்புறம் தூக்குகளைத் திறந்தார்கள். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். நல்லெண்ணெயில் வறுத்த கடலையின் வாசனை வந்ததும் கண் கலங்கிவிட்டது. பசி அவ்வளவாக இல்லை. நாற்பத்தொரு வருடமாக இந்த நாளில் சித்ரான்னம் சாப்பிடாமல் இருந்ததில்லை, அதுதான். அத்தை பேசாமல் தன் இலையை மடித்துவிட்டு, "ஒனக்கு அந்த மோர்ல கலக்குறத எடுத்துட்டு வந்துருக்கேன், குடி" என்று பாட்டிலை நீட்டினார்கள். வெனிலா வாடை குமட்டுகிறது என்று சொன்னதால் வாசனை சேர்க்காத பவுடருக்கு மாறியிருக்கிறேன். நீர்மோரில் உப்பு, கசக்கிய கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டு வடிகட்டி, அதில் ஒரு ஸ்கூப். இது தொண்டையில் இறங்குகிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

113.4 கிலோ. அட்மிட் ஆகிவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. கல்லீரல் மெத்தென்று இருந்தது, சுலபமாக ஒதுங்கியது என்றாராம் டாக்டர். அந்த 14 நாளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

இப்போது வேறு கணக்கு. உள்ளே தைத்த இடம் ஆறவும், எடையோடு தசை கரையாமல் இருக்கவும் ஒரு நாளைக்கு 70 கிராம் புரதம் வேண்டும். முதல் வாரம் அது முழுசாக வராது, உடம்பில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை என்கிறார் டயட்டீஷியன். மடக் மடக்கென்று குடிக்க முடியாது, ஸ்ட்ராவும் கூடாது, காற்று உள்ளே போகும். அத்தை பீரோவைத் திறந்து, என் மகனுக்குப் பால் புகட்டிய வெள்ளிச் சங்கை எடுத்து வந்தார்கள். அளந்து பார்த்தேன், சரியாக 15 மில்லி. மூன்று ஸ்கூப், 600 மில்லி, 40 சங்கு. சங்குக்குச் சங்கு ஐந்து நிமிடம் இடைவெளி விட்டால் மூன்று மணி நேரத்துக்கு மேல். பானம் குடிப்பதே ஒரு முழு வேலை.

ஆகஸ்ட் 16, சனி

இரண்டு தவறு. ஒன்று, தாகத்தில் டம்ளரை வாயில் வைத்து இரண்டு வாய் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்கு நடுவே கல்லை வைத்து அழுத்தியது போல வலி, எச்சிலாகச் சுரந்தது, அரை மணி நேரம் நடந்த பிறகே தணிந்தது. இன்னொன்று, கொதிக்கும் பாலில் பவுடரைக் கொட்டியதும் ரப்பர் ரப்பராகத் திரண்டுவிட்டது. வே என்பது பால் திரியும்போது பிரியும் தெளிநீரில் உள்ள புரதம். முட்டை வெள்ளை போலச் சூட்டில் உறைந்துவிடும். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் கலக்க வேண்டும். ரசத்துக்கும் இதே விதி.

பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், பருப்புத் தண்ணி குடி, அதுல இல்லாத சத்தா என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் மேலே தெளிந்து நிற்கும் நீரில் புரதம் சொற்பம், பருப்பெல்லாம் அடியில். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம். கால் டம்ளர் கொள்ளும் வயிற்றை வைத்துக்கொண்டு 70 கிராமுக்கு எங்கே போவது?

செப்டம்பர் 7, ஞாயிறு

மசித்த உணவு ஆரம்பித்துப் பத்து நாள் ஆகிறது. கும்பகோணம் கடப்பாவை உருளைக்கிழங்கைக் குறைத்து, பாசிப்பருப்பைக் கூட்டி, மையாக அரைத்துக் கொடுத்தார்கள். நாலு ஸ்பூன். அந்தச் சோம்பு வாசனைக்கே மனசு நிறைந்தது. பானம் இரண்டு ஸ்கூப்பாகக் குறைந்திருக்கிறது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கிறேன். இன்சுலினை நிறுத்தியாயிற்று.

நவம்பர் 9, ஞாயிறு

94 கிலோ. இரண்டு நாளாக மழை, சம்பா நட்ட வயலெல்லாம் பச்சை. சீப்பை எடுத்தால் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. மூன்று, நான்கு மாதத்தில் பலருக்கும் இப்படி உதிரும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும் என்று டயட்டீஷியன் முன்பே சொல்லியிருந்தும் பயமாக இருந்தது. நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். தீபாவளி வாரம் முழுக்கப் புரதம் 45 கிராமைத் தாண்டவில்லை. நேற்றிலிருந்து சாயங்கால ஸ்கூப்பைத் திரும்பச் சேர்த்திருக்கிறேன். மதியம் முதலில் மீன், பிறகு கீரை, இடம் இருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு.

நாளை திருச்சியில் ரத்தப் பரிசோதனை: இரும்பு, பி12, வைட்டமின் டி. வெறும் வயிற்றில் போகணும். மோர் பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன், ரத்தம் கொடுத்துவிட்டுக் குடிக்க.