பிரின்ட் கொடுத்தால் பிரவுசர் மூடிக்கொள்கிறதா?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பில், மெயில், இ-வே பில் எல்லாமே ஃபயர்ஃபாக்ஸில்தான். திடீரென்று ஒரு தொல்லை ஆரம்பித்தது. இ-வே பில் எண் விழும். பிரின்ட் கொடுத்த நொடியில் பிரவுசர் மொத்தமாக மூடிக்கொள்ளும். பெங்களூரு பண்டல் ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும். மாநிலம் தாண்டும் சரக்கு 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் அந்த பில் இல்லாமல் வண்டியைக் கிளப்ப முடியாது. "ஏனுங்க, இன்னும் ஆகலீங்களா?" என்று டிரைவர் அண்ணன் எட்டிப் பார்ப்பார். எண் விழுந்தாலே பில் பதிவாகிவிட்டது என்பதால், போனில் எடுத்து அனுப்பிச் சமாளித்தோம்.

சர்வீஸ் தம்பி வழக்கம்போல, "அழிச்சுட்டு மறுபடி போட்டுடலாங்க்கா" என்றார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சும்மா எடுத்துவிட்டுப் போட்டால், நம் செட்டிங்ஸ் எல்லாம் இருக்கும் புரொஃபைல் ஃபோல்டர் அப்படியே இருக்கும். பிரவுசரில் நாம் சேர்த்த குட்டி புரோகிராம்களான எக்ஸ்டென்ஷன்களும் கூடவே திரும்பி வரும்.

முதலில் ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து, டிரபிள்ஷூட் மோடுக்குப் போனேன். அதில் எக்ஸ்டென்ஷன், தீம், ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் எல்லாம் தற்காலிகமாக நின்றுவிடும். அங்கே ஒழுங்காக ஓடியிருந்தால் எக்ஸ்டென்ஷன்களில் பாதிப் பாதியாக அணைத்துக் குற்றவாளியைப் பிடித்திருக்கலாம். ஆனால் அங்கேயும் பிரின்ட் கொடுத்ததும் டப்பென்று மூடிக்கொண்டது.

ஃபிளாஷ் மாதிரி வீடியோ, கேம் ஓட்ட வெளியிலிருந்து பிரவுசரில் சேர்த்த பழைய பாணி பிளக்-இன் ஏதாவது இருக்குமோ என்று தேடவே வேண்டாம். 2017 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 52-ஆம் பதிப்போடு ஃபிளாஷ் தவிர மற்றவை போய்விட்டன. 2021 ஜனவரியில் 85-ஆம் பதிப்பில் ஃபிளாஷும் போயிற்று. ஆனால் வேறு சாஃப்ட்வேர்களின் டிஎல்எல் எனும் புரோகிராம் கோடு ஃபைல்கள் பிரவுசருக்குள் வந்து உட்காருவது இன்றும் உண்டு. ஆன்டிவைரஸ், பிரின்டர் டிரைவர் எல்லாம் அந்த வகை. டிரபிள்ஷூட் மோடு இவற்றைத் தொடுவதில்லை.

விண்டோஸில் இதைப் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது. அட்ரஸ் பாரில் அபவுட், முக்காற்புள்ளி, தேர்ட்-பார்ட்டி என்று இடைவெளி விடாமல் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். வந்த பட்டியலில் ஒரு ஃபைலுக்குப் பக்கத்தில் எச்சரிக்கைக் குறி நின்றது. அதன்மேல் மவுஸை வைத்தால், அதன் கோடில்தான் பிரவுசர் கிராஷ் ஆனது என்று காட்டியது. யாரோ எப்போதோ போட்ட பிடிஎஃப் கன்வெர்ட்டரின் டிரைவர் அது. டீஃபால்ட் பிரின்டராகவும் அதுவே உட்கார்ந்திருந்தது! பிரின்ட் கொடுத்தால் மட்டும் ஏன் விழுந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது.

அதே பக்கத்திலேயே பிளாக் செய்யலாம். ஃபயர்ஃபாக்ஸை மூடித் திறந்தால்தான் அமலுக்கு வரும். செய்து பார்த்தேன், கிராஷ் நின்றது. அப்புறம் அந்த கன்வெர்ட்டரையே கன்ட்ரோல் பேனலில் போய் எடுத்துவிட்டு, அசல் பிரின்டரை டீஃபால்ட்டாக வைத்தேன். பிடிஎஃப் வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸின் பிரின்ட் பெட்டியிலேயே சேவ் டு பிடிஎஃப் இருக்கிறது. பேக்கிங் செக்‌ஷன் கம்ப்யூட்டரிலும் அதே கன்வெர்ட்டர் கிடந்தது. அதையும் சொல்லி எடுக்க வைத்தாயிற்று.