எனக்கு ஃபீஸ் கட்டிய முள்மரம்

போன புரட்டாசியில் ஊருக்குப் போயிருந்தேன். கண்மாய்க்கரையில் ஏறி இறங்குவதற்குள் பைக்கின் முன் டயர் பஞ்சர். குனிந்து பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு முள். பேப்பரில் சீமைக்கருவேலம் என்று எழுதுவார்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் எங்களுக்கு அது வேலிக்கருவை. அவசரத்துக்கு வெறும் கருவை. வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்துச் சித்தப்பா சிரித்தார்.

"ஏப்பா, ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஜேசிபி விட்டு ஒண்ணுகூட இல்லாம வழிச்சாச்சுன்னு நீதான போட்டோ போட்ட?"

போட்டேன்தான். "மீண்டது எங்கள் கண்மாய்" என்று தலைப்பு வேறு வைத்திருந்தேன். நிறைய லைக் விழுந்தது. இப்போது அதே கண்மாயின் உள்வாயில், தண்ணீர் தேங்கும் இடத்தில், இடுப்பு உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று கருவை நிற்கிறது. வெட்டிய தூரிலிருந்து ஐந்தாறு கொப்பாகக் கிளைத்தது ஒரு பக்கம், புதிதாக முளைத்தது ஒரு பக்கம். தூரோடு தோண்டாமல் மேலே மட்டும் வழித்துவிட்டு ஜேசிபிக்காரர் கணக்கு முடித்துக்கொண்டு போயிருக்கிறார். நாங்களும் போட்டோ எடுத்ததோடு சரி.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் கரிமூட்டக்காரர் மகன். ஆறாம் வகுப்பிலிருந்து மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த செலவு முழுக்க இந்த முள்மரத்திலிருந்து வந்தது. இந்த மரத்தைத் திட்டி எழுத உட்காரும்போதெல்லாம் அப்பாவின் முன்னங்கை நினைவுக்கு வந்துவிடும். முள் குத்திச் சீழ் வைத்து ஆறிய தழும்புகள், கறுப்பும் வெளுப்புமாக.

மூட்டம் போடுவதை இப்போதைய பிள்ளைகள் பார்த்திருப்பார்களா தெரியவில்லை. வெட்டிய கருவையை ஒரே நீளத்துக்குத் தறித்து, நடுவில் இருந்து சாய்த்துச் சாய்த்துக் குவியலாக அடுக்குவார்கள். மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, அதன்மேல் மண் பூசி மூடி, அங்கங்கே புகைபோக ஓட்டை விட்டுத் தீ வைப்பார்கள். எரியக்கூடாது, வேகணும். அதுதான் தொழிலே. எங்காவது மண் சரிந்து வாய் பிளந்தால் காற்று புகுந்து மொத்தக் கட்டையும் சாம்பலாகிவிடும். அதனால் நாள்கணக்கில் ராத்திரியும் காவல். புகை வெள்ளையாக வரும்வரை கட்டையில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். நீலம் தட்டினால் கரி வெந்துவிட்டது. நாலைந்து டன் கட்டை போட்டால் ஒரு டன் கரி தேறும். அப்பா தூங்காத ராத்திரிகளை எடை போட எங்களிடம் தராசு இல்லை.

இந்த மரம் அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்தது. ஜமைக்காவிலிருந்து விதை வரவழைத்து 1877-இல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டதாக வனத்துறைப் பழங்கணக்கு சொல்கிறது. விறகுப் பஞ்சம் தீரத்தான் கொண்டுவந்தார்கள். ராமநாதபுரத்துக்கு அது வந்து சேர்ந்த கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். ஹெலிகாப்டரில் தூவினார்கள் என்பதுதான் ஊரில் அதிகம் செல்லுபடியாகும் கதை. அப்பத்தாவிடம் கேட்டால் ஹெலிகாப்டர் எல்லாம் வராது. "விறகுக்கு விடியக்கருக்கல்ல கெளம்பி உச்சிப்பொழுதுலதான் வருவோம். கருவை வந்த பெறகுதான் எங்க காலு ஓஞ்சுச்சு." மரத்துக்கு அப்பத்தா எழுதிக்கொடுத்த நற்சான்று அது. அதைக் கிழித்துப் போட எனக்கு உரிமை இல்லை.

அதற்காக அது நல்ல மரம் என்று சொல்ல வரவில்லை. அடர்ந்து வளர்ந்த கருவைக் காட்டுக்குள் வேறு செடி தலைகாட்டாது. கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வரத்துக்கால்களை அடைத்துக்கொள்ளும். வேர் ஆழத்துக்கு இறங்கித் தண்ணீரைத் தேடி எடுக்கும். இவ்வளவும் உண்மை. ஆனால் வாட்ஸ்அப்பில் வருவது வேறு ரகம். காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி மழையையே நிறுத்திவிடுமாம், நிழலில் கட்டிய மாடு மலடாகுமாம், பறவை கூடு கட்டாதாம். எங்கள் ஆடுகள் மூன்று தலைமுறையாக அதன் நெத்தை, அதாவது காயை, தின்று குட்டி போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் எங்கள் கலுங்குக்குப் பக்கத்தில் நிற்கும் பெரிய கருவையில் வருசா வருசம் கொக்குக் கூடு இருக்கும். எங்கள் தாலுகாவில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்று இரண்டு பறவைகள் சரணாலயம் உண்டு. இரண்டும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்ததாக அறிவித்தார்கள். இரண்டுமே கண்மாய்கள்தான். கண்மாய்க்குள் நிற்கும் முள்மரங்களில்தான் அங்கேயும் பறவைகள் கூடு கட்டுகின்றன. மழை பெய்யாததற்கும் கண்மாய் பெருகாததற்கும் ஒரு மரத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டால் நமக்கு எவ்வளவு வசதி!

கண்மாய்க்குள் கருவை எப்படிக் குடியேறியது என்று சித்தப்பாவிடம்தான் கேட்கணும். முன்பெல்லாம் கோடையில் தண்ணீர் வற்றியதும் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கரம்பை அடிப்பார்கள். கண்மாயின் வண்டல் வயலுக்கு உரம். அதை அள்ளுவதாலேயே கண்மாய் ஆழமாகும். தூர் வாருவது என்று தனியாக ஒரு வேலையே கிடையாது. யூரியா மூட்டை வந்தது, வண்டி மாடு போனது, கரம்பை அள்ளுவது நின்றது. என்னைப் போன்றவர்கள் மதுரைக்கும் துபாய்க்கும் போனோம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கருவை வந்து உட்கார்ந்துகொண்டது. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள். நாரையாலேயே பறந்து கடக்க முடியாத அகலம் என்று பெருமை. அத்தனை மடையையும் காத்தவர்கள் ஊர்க்காரர்கள். அந்த வேலையை விட்டது நாம், பழி கருவைக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. கருவை விதையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் நாங்கள்தான். எங்கள் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் கிடை போடுவார்கள். ராத்திரி முழுக்க ஆடுகளை அங்கே அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு எரு. பகலில் அதே ஆடுகள் மேய்வது கருவை நெத்து. நெத்தின் சதை இனிப்பு. சின்ன வயதில் நாங்களே மென்று துப்பியிருக்கிறோம். விதை மட்டும் செரிக்காது. ஆட்டு வயிற்றில் ஊறி, புழுக்கையோடு விழுந்து, முதல் மழைக்கு முளைக்கும். எரு போட்டே முள்ளும் விதைத்திருக்கிறோம்.

ஆடு என்றதும் கென்யா நினைவுக்கு வருகிறது. பாரிங்கோ ஏரிப் பக்கம் 1980-களில் இதே மரத்தை வறட்சிக்கு மருந்து என்று நட்டார்கள். அது மேய்ச்சல் நிலத்தையே விழுங்கிவிட, ஆடு மாடு வளர்க்கும் அந்த மக்கள் வழக்குப் போட்டார்கள். நெத்தைத் தின்று தின்று பல் போன ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே கொண்டுபோனார்களாம். சித்தப்பாவிடம் சொன்னபோது அரை மணி நேரம் சிரித்தார். பிறகு, "அந்த ஆட்டுக்கு யாருப்பா வக்கீலு?" என்றார்.

நம் ஊரிலும் வழக்கு நடந்தது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவையை அகற்ற உத்தரவு போட்டபோது ஊரெல்லாம் ஜேசிபி சத்தம். அந்த வருசமே இடைக்காலத் தடையும் வந்தது. 2022-இல் அந்நியத் தாவரங்களுக்கென்று மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. என் கவலை வேறு. அகற்றுவதைக் கல்யாணம் மாதிரி ஒருநாள் விசேஷமாக நினைக்கிறோம். மறுவருசம் முளைப்பதைப் பிடுங்க யார் போகிறார்கள்? மழை பெய்து மண் இளகியிருக்கும்போது கருவைக் கன்று ஒரு கைக்கு வேரோடு வந்துவிடும். ஒரு வருசம் விட்டால் கடப்பாரை வேண்டும். இரண்டு வருசம் விட்டால் மறுபடி ஜேசிபி, மறுபடி டெண்டர், மறுபடி என் போட்டோ.

பஞ்சர் ஒட்டிய மறுநாள் விடிகாலையில் சித்தப்பாவோடு உள்வாயில் இறங்கினேன். பெரிதானவற்றை விட்டுவிட்டு மடையைச் சுற்றி முளைத்த கன்றுகளை மட்டும் பிடுங்குவதாகப் பேச்சு. எட்டு மணிக்குள் இடுப்பு கழன்றுவிட்டது. எண்ணிக்கொண்டே வந்தேன், இருநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. திரும்பிப் பார்த்தால் மடையைச் சுற்றி ஒரு களம் அளவுக்குத்தான் மண் தெரிகிறது. கண்மாய் அறுபது ஏக்கர்.

அடுத்த மாதம் வருகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். ஐப்பசியில் மழையால் போகமுடியவில்லை. கார்த்திகையில் போனேன், தண்ணீர் நின்றதால் இறங்க முடியவில்லை. தையில் தம்பி மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். மடைப்பக்கம் சித்தப்பா தனியாகவே கொஞ்சம் பிடுங்கி வைத்திருந்தார்.

கலுங்கை ஒட்டிக் கரைச்சரிவில் ஒரு வரிசை கருவையை மட்டும் அவர் தொடவே இல்லை. கொக்குக் கூட்டுக்காகத்தான் விட்டிருக்கிறார் போல என்று எனக்கு உள்ளுக்குள் நெகிழ்ந்துவிட்டது. கேட்டேன்.

"கொக்குக்கும்தான்" என்றார். "மாசில ஒரு மூட்டம் போடணும்ல. பய காலேஜுக்கு ரெண்டாவது டெர்ம் கட்டணும்."