குஷ்பு இட்லி ஏன் இன்னும் விற்கிறது?

1985-இல் நதியா தமிழ்ப் படத்தில் அறிமுகமானதும் கடைத்தெரு முழுக்க அவர் பெயர்தான். நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை. இன்று அதே பெயரைச் சொல்லி வளையல் கேட்டால் வயதான கடைக்காரர் சிரிப்பார், இளையவர் முழிப்பார். குஷ்பு இட்லி மட்டும் 90களிலிருந்து மெனு அட்டையை விட்டு இறங்கவே இல்லை. வளையலில் நதியாவுக்கென்று தனியாக எதுவும் இல்லை. அச்சு மாறினால் பெயரும் போச்சு. இட்லியில் பெயரோடு ஒரு பக்குவமும் ஒட்டிக்கொண்டது.

பக்குவம் இதுதான். இட்லி அரிசி 1 டம்ளர், பச்சரிசி 1 டம்ளர், உளுந்து அரை டம்ளர், ஜவ்வரிசி அரை டம்ளர். அரிசியும் ஜவ்வரிசியும் 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு 1 மணி நேரம் போதும். பளபளவென்று இருக்கும் நைலான் ஜவ்வரிசி வேண்டாம், மாவு ஜவ்வரிசிதான் நன்றாகக் கரையும். உளுந்தை ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பொங்க அரைக்க வேண்டும். கிரைண்டர் சூடேறினால் உளுந்து அமுங்கிவிடும். அரிசியை ரவைப் பதத்தில் எடுத்து, உப்புப் போட்டுக் கையால் கலந்து 8 மணி நேரம் புளிக்கவிடுங்கள். புளித்த மாவை அடிவரை கரண்டி போட்டுக் கலக்கினால் காற்றெல்லாம் வெளியேறிவிடும். மேலாக அள்ளி, துணி விரித்த தட்டில் ஊற்றி 10 முதல் 12 நிமிடம் வேகவைத்தால் போதும்.

ஜவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவுச்சத்து. வெந்ததும் தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், அதனால் ஆறிய பிறகும் இட்லி வறண்டுபோகாது. காலை 5 மணிக்கு அவித்து 8 மணிக்குப் பந்தியில் பரிமாறும் சமையல்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் ஆசைப்பட்டு அளவைக் கூட்டினால் இட்லி பிசுபிசுத்து நடுவில் குழி விழும். சோடா உப்பு ஒரு சிட்டிகையைத் தாண்டினால் மஞ்சள் நிறமும் சோப்பு வாடையும் வரும். பச்சரிசி கூடினால் ஆறியதும் கல்.

சில ஊர்களில் ஆமணக்கு விதையும் நாலைந்து சேர்த்து அரைப்பார்கள். மாவு பொங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த விதையில் ரிசின் என்ற நஞ்சு இருக்கிறது. நல்ல உளுந்து கிடைக்கும்போது அந்த வம்பு எதற்கு? விற்பனைக்கு அரைப்பவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

பிரபலத்தின் பெயரை வைத்துப் புதிதாகக் கடை போட நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குஷ்பு இட்லி என்பது ஊரே புழங்கும் பதார்த்தப் பெயராகிவிட்டது. அதற்காக நடிகையின் படத்தைப் பலகையில் அச்சடித்து, அவரே சிபாரிசு செய்வதுபோலக் காட்டினால் கதை வேறு. 2015-இல் ரஜினிகாந்தின் பெயரைத் தலைப்பில் வைத்த ஒரு இந்திப் படத்துக்கு எதிராக அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். 2023-இல் தன் பெயர், குரல், படம் எதையும் அனுமதியில்லாமல் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று வக்கீல் மூலம் பொது அறிவிப்பும் கொடுத்தார். பலகையில் இட்லிப் படமே போதும்.